மழைக்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்கிறவர்களுக்கு: புயலில் உங்களால் மறக்க முடியாதது எது? (கடலூர், புதுச்சேரி)

தென்பெண்ணைக் கரை:

ஐப்பசி பிறந்தாயிற்று. வாங்கி வைக்க வேண்டியதை எழுதலாம் என்று உட்கார்ந்தால், கேஸ் என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. 2024 ஃபெஞ்சல் புயல் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நவம்பர் 30 சனிக்கிழமை புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. எங்கள் தெருவில் ஒரு முருங்கை சாய்ந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாசலைக் கழுவிவிட்டு "புயல் போச்சு" என்று நிம்மதியாக இருந்தார்கள். திங்கட்கிழமை அதிகாலை, எங்கள் ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடிப்படியில். கீழே இருட்டில் சமையலறைப் பக்கம் டங்... டங்... என்று யாரோ இடிக்கிற சத்தம். வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். சிலிண்டர் படுத்த வாக்கில் மிதந்துகொண்டிருந்தது. அடுப்போடு இருந்த டியூப் இழுபட, தண்ணீர் அசையும்போதெல்லாம் போய் மேடையில் மோதியது. அதற்குள் மூக்கில் கேஸ் வாடை. மாடியில் மாமியார் தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைத்தேனா, கையால் நசுக்கினேனா தெரியாது. விரல் நுனியில் மெழுகு ஒட்டிக்கிடந்தது மட்டும் ஞாபகம். அவர் தண்ணீரில் இறங்கி ரெகுலேட்டரை மூடிக் கழற்றிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நிறைந்த சிலிண்டர் மிதக்குமா என்று கேட்பவர்களுக்கு: மிதக்கும். 14.2 கிலோ கேஸ், இரும்பும் ஏறக்குறைய அதே எடை. அது தள்ளுகிற தண்ணீர் அதைவிடக் கனம். நீங்கள் வீட்டில் சிலிண்டரை எப்படிக் கட்டி வைக்கிறீர்கள்?

பண்ருட்டி முந்திரி:

தண்ணீர் இருக்கட்டும் அக்கா, முதலில் காற்று. தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 விடியற்காலையை எங்கள் பக்கம் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க ஒரே திசையிலிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றது. மழையும் இல்லை. ஆளாளுக்கு டார்ச்சோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சித்தப்பா மாட்டை அவிழ்க்கக் கொட்டகைக்குப் போனார். எங்கள் தாத்தா மட்டும் திண்ணையை விட்டு இறங்காமல் "உள்ள வாங்கடா, திரும்ப அடிக்கும்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அடித்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து. கொட்டகைத் தகரம் ஒன்று உரிந்து போய்ப் பலா மரத்தின் அடிமரத்தில் செருகி நின்றது, ஆள் கழுத்து உயரத்தில். சித்தப்பா மாட்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்ததால் பிழைத்தார். விடிந்து பார்த்தால் முந்திரித் தோப்பு மொத்தமும் வேரோடு சாய்ந்து கிடந்தது.

அதனால் நான் வருஷா வருஷம் முதலில் செய்வது காய்ந்த மட்டை வெட்டுவது, இளநீர்க் குலையை இறக்குவது, மாடித் தொட்டியை நிரப்புவது. காலித் தொட்டிதான் பறக்கும். சிலிண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அப்புறம்.

ரெயின்போ நகர்:

அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தானேவை மனதில் வைத்துத்தான் எங்கள் தெருவே தயாராக இருந்தது. ஜன்னலுக்கு டேப் ஒட்டினோம், பூந்தொட்டிகளை இறக்கினோம், பைக்கைத் தூணில் கட்டினோம். ஃபெஞ்சலில் அதில் ஒன்றுகூட உதவவில்லை. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நாங்கள் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருத் தண்ணீர் இன்னும் ஒரு படி கீழேதான் இருந்தது. அப்போது பாத்ரூமில் "களக் களக்" என்று சத்தம். கதவைத் திறந்தால் கழிவறைக் கோப்பையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் பொங்கி வழிகிறது, பின்னாலேயே கரப்பான்பூச்சிக் கூட்டம். குளியலறை ஜல்லடை மூடியைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்தும் வந்தது. வாசல் வறண்டிருக்க, வீடு உள்ளிருந்து நிரம்பியது. என் சின்னப் பெண் இன்றைக்கும் மழைச் சத்தம் கேட்டால் தனியாகப் பாத்ரூம் போக மாட்டாள்.

இப்போது பழைய துணியை பிளாஸ்டிக் பையில் திணித்து, அதன்மேல் ஒரு மணல் பை என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் தயாராக வைத்திருக்கிறோம். காற்று முதலா தண்ணீர் முதலா என்பது வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அண்ணா. மேட்டில் தோப்பு வைத்திருப்பவருக்கு ஒன்று, பள்ளத்தில் இருப்பவருக்கு வேறு.

ரிட்டயர்டு வயர்மேன்:

தானேவுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்களில் கம்பம் நட்டவன் நான். லைனை ஆஃப் செய்து, அறுந்து கிடந்த கம்பியைத் தூக்கக் குனிந்தேன். கூட இருந்த பையன் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். தெருக்கோடியில் ஒரு வீட்டில் வாடகை ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் அவன் காதில் விழுந்திருக்கிறது. மெயினை இறக்காமல் பிளக் பாயின்டிலேயே சொருகியிருந்தார்கள். தொட்டி நிரப்ப மோட்டார் ஓட்டிய அந்த கரண்ட் திரும்பித் தெருக் கம்பிக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பையனை நினைக்காமல் நான் ஒரு புயல் செய்தியும் கேட்டதில்லை.

ஆகவே சில விஷயங்கள், தயவு செய்து முழுக்கப் படியுங்கள். ஜெனரேட்டர் எடுத்தால் மோட்டாருக்குத் தனி வயர் இழுங்கள், அல்லது முதலில் மெயினை இறக்குங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராண்டாவிலோ ஓட்டாதீர்கள், அந்தப் புகை ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் இப்போதே ஆள் வைத்து உயரமான பலகையில் ஏற்றுங்கள். தண்ணீர் வருவது தெரிந்தால் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மெயினை இறக்கிவிட்டோமே என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர் பிளக் பாயின்டைத் தொட்டுவிட்டால் நனைந்த காலோடு போய் சுவிட்சைத் தொடாதீர்கள், வெளியே வந்துவிடுங்கள். வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் எதையும் போடாதீர்கள். மேலே காய்ந்திருக்கும், சுவருக்குள் பைப்பில் தண்ணீர் நிற்கும்.

சிலிண்டர் கேட்ட அம்மாவுக்கு: ரெகுலேட்டரைக் கழற்றி, கயிற்றில் தொங்குகிற மூடியை அழுத்திப் போட்டு, நிறுத்தின வாக்கில் ஜன்னல் கம்பியோடு கழுத்திலும் நடுவிலும் கயிறு போட்டுக் கட்டுங்கள். ஏ.டி.எம். ஓடாது, சில்லறையாகப் பணம் வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில், அலமாரியின் மேல் தட்டில். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அதைப் பேப்பரிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

முத்தியால்பேட்டை:

சார் சொன்ன பட்டியலில் மருந்து இல்லை. 2020 நிவர் அன்றைக்கு ராத்திரி கரண்ட் போனதும் அப்பா முதலில் கேட்டது "என் இன்சுலின்?" என்றுதான். ஃபிரிட்ஜைத் திறக்காமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் அந்தக் குப்பியை உள்ளங்கையில் வைத்து, சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அம்மா பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, சின்னச் சட்டியில் குப்பியை வைத்து அதற்குள் இறக்கினாள். இப்போது பானையும் மணலும் புரட்டாசியிலேயே தயார். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு மாத மாத்திரையும் வாங்கிவிடுகிறேன்.

தேவனாம்பட்டினம்:

எல்லோரும் கல் வீட்டுக் கதை சொல்கிறீர்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு நம்பர் ஏற ஏற எங்களுக்கு வேலை படகிலிருந்து ஆரம்பிக்கும். ஃபைபர் படகை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுப்போம், என்ஜினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருவோம், வலையைச் சுருட்டி மேலே ஏற்றுவோம். அதெல்லாம் பழக்கம்.

எனக்கு உறுத்துவது எங்கள் ஆயா. ஒருமுறை முகாமுக்கு வேன் வந்து நின்றுவிட்டது, ஆயா ஏறமாட்டேன் என்றது. காரணம் ஆடு. முகாமில் ஆட்டுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "அதுங்கள கட்டிப் போட்டுட்டு நான் மட்டும் போயி உசுர காப்பாத்திக்கணுமா" என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. வேன் போய்விட்டது. நானும் அம்மாவும் அதோடு ராத்திரி முழுக்க அந்த வீட்டில் இருந்தோம், ஓடு ஒவ்வொன்றாக எழும்பி விழுகிற சத்தத்தில். மெழுகுவத்தி, பணம், கவர் எல்லாம் சரி. ஆடு வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வது, யாராவது சொல்லுங்கள்.

தென்பெண்ணைக் கரை:

வயர்மேன் ஐயா, ரொம்ப நன்றி, இன்றைக்கே நைலான் கயிறு வாங்கிவிட்டேன். தம்பி, மஞ்சக்குப்பத்தில் என் தங்கை வீட்டில் மொட்டை மாடிக்கு வெளியிலிருந்தே படி உண்டு, மேலே தகரக் கொட்டகைக்குப் பதில் காங்கிரீட் அறை. அவளிடம் பேசிவிட்டேன், ஆடுகளுக்கு இடம் தருகிறாள். கூண்டு ஏறின பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்கிற அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வாருங்கள், தழையும் கொண்டு வாருங்கள்.

ரிட்டயர்டு வயர்மேன்:

ஓட்டிப் போகிற வழியில் டீ குடிக்க நின்றால்கூட ஆட்டை மின்கம்பத்திலோ அதை இழுத்துக் கட்டியிருக்கிற ஸ்டே கம்பியிலோ கட்டாதீர்கள் தம்பி. மழையில் அதில் கரண்ட் இறங்கும்.