பர்கூர் மாட்டைக் குமரி மாவட்டத்தில் வளர்த்து அந்த இனத்தைக் காக்க முடியுமா?

கேள்வி (குலசேகரம்)
அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்துக்கு அருகே எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டமும், தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கும் ஒரு விளையும் (தோட்ட நிலம்) உண்டு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைமாடுகள் குறைந்துகொண்டே வருவதாக அறிந்ததிலிருந்து, இரண்டு பசுக்களையும் ஒரு காளையையும் வாங்கிவந்து வளர்த்தால் அந்த இனத்தைக் காப்பதில் நமக்கும் பங்கு இருக்குமே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இதுவும் மலையடிவாரம்தான். பால் வேண்டாம், தோட்டத்துக்குச் சாணம் கிடைத்தால் போதும். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1 (அந்தியூர்)
தங்கள் அக்கறைக்கு நன்றி, ஐயா. ஆனால் பர்கூர் மாடு தொழுவத்தில் கட்டிப்போட்டு வளர்க்கப்பட்ட மாடு அல்ல. செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகள் சிதறிக் கிடக்கும் இம்மாடுகளை எங்கள் மலையில் வாழும் லிங்காயத்து மக்கள் காட்டில் மேயவிட்டு, பட்டிகளில் அடைத்து, மந்தையாகவே காத்து வந்திருக்கிறார்கள். ஓர் ஈற்றில் சராசரியாக 350 கிலோ அளவுக்கே பால் தரும். கரடுமுரடான மலை நிலத்தில் உழைப்பதற்கும் விரைந்த நடைக்குமே பேர்போனது.

டிராக்டர் வந்தபின் எருதுக்கு மவுசு குறைந்தது உண்மை. அதைவிடப் பெரிய நெருக்கடி மேய்ச்சல்தான். 2022 மார்ச்சில் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. பின்னர் பர்கூர்க் காடுகளும் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வந்துவிட்டன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. அந்த உரிமை கைக்கு வராமல் பட்டிகள் கலைந்துபோனால், வெளியூர்களில் எத்தனை மாடுகள் நின்றாலும் இந்த இனம் நிலைக்காது என்பதே என் உறுதியான கருத்து. உதவ விரும்பினால் மலைமக்களின் மேய்ச்சல் கோரிக்கைக்குத் துணைநில்லுங்கள்.

பதில் 2 (கால்நடை மருத்துவர், தக்கலை)
ஒரே காளையை வைத்துக்கொண்டால் அதன் கிடேரிகள் பருவத்துக்கு வரும்போது தகப்பனோடே சேர்க்க நேரிடும். சில தலைமுறைகளில் சினைபிடிப்பும் கன்றுகளின் வலுவும் குறையும். இன்னொன்றையும் கவனியுங்கள். ரப்பர் இலையிலும் மரச்சீனி இலையிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அவிழ்த்துவிட்டு மேய்த்தே பழகிய மாடு உங்கள் விளைக்குள் நுழைந்து வயிறு நிறையத் தின்றுவிட்டால், மூச்சுத் திணறிச் சிறிது நேரத்திலேயே விழுந்துவிடும். கட்டிவைத்தாலோ அது பர்கூர் மாட்டின் வாழ்வே அல்ல.

பதில் 3 (கடையாலுமூடு)
தம்பி, உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே பழைய வீடுகளில் குட்டையான நாட்டுப் பசுக்கள் இன்னும் நிற்கின்றன. சினைக்கு ஜெர்சி என்ற அயல்நாட்டு இனத்தின் விந்து ஊசி, காளைக்கன்றை உடனே விற்பது என்று ஆகிவிட்டதால் அவற்றின் வழி அறுந்துகொண்டிருக்கிறது. கேரளத்தின் வெச்சூர்ப் பசுவும் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்த நிலையில், 1989இல் திருச்சூர் அருகே மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர்ஊராகத் தேடி எஞ்சியவற்றைச் சேர்த்ததால்தான் மீண்டது. நீங்களும் முதலில் அக்கம்பக்கத்துப் பசுக்களின் உயரம், நிறம், கொம்பு, ஈற்று விவரங்களைப் படத்தோடு குறித்துக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரிடம் காட்டுங்கள். அதுவரை, அந்த நாட்டுப் பசுக்களின் நல்ல காளைக்கன்று ஒன்று விலைக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள்.