சிக்னலில் நின்றால் சூடு ஏறுது, ஹைவேயில் சரியா இருக்கு: எங்கே பார்க்கணும்?

தாம்பரம்_வண்டி:
1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியிருக்கு. ஏசி போட்டு சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் டெம்பரேச்சர் முள் முக்கால் வரை போகுது, ஏசியும் வெதுவெதுன்னு ஆகிடுது. ஜிஎஸ்டி ரோட்டில் 80-இல் போனா முள் பாதிக்கு இறங்கிடும். வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறையுது, தரையில் சொட்டு இல்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடேறினதும் ரேடியேட்டருக்குத் தண்ணி திறந்துவிடுற வால்வு) கழற்றிட்டு குழாய்த் தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஃபேன் ஓடுது, நல்லா சத்தமாவே ஓடுது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற சீல்) போயிருக்கும்னு பயமா இருக்கு. இன்ஜினைப் பிரிக்கணுமா?

பட்டறைக்காரர்:
பிரிக்க வேண்டாம், பொறுங்க. ஓடும்போது காற்று தானா ரேடியேட்டருக்குள்ள போகுது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்கணும். நின்றால் மட்டும் சூடாகுதுன்னா முதல் சந்தேகம் ஃபேன், அடுத்தது ரேடியேட்டருக்கும் அதுக்கு முன்னாடி இருக்கிற ஏசி கண்டென்சருக்கும் (ஏசி கேஸை ஆற வைக்கிற பாகம்) நடுவில் அடைஞ்ச தூசி. ரேடியேட்டர் உள்ளே அடைச்சிருந்தாலோ வாட்டர் பம்ப் தேய்ஞ்சிருந்தாலோ மேட்டிலும் ஹைவேயிலும்தான் முதலில் தெரியும்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்க. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. கம்ப்ரஸர் "டக்"னு பிடிச்சதும் ஃபேன் மெதுவா சுத்துதா?

தாம்பரம்_வண்டி:
இல்லை சார், சுத்தவே இல்லை. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு முள் ஏறினப்புறம்தான் திடீர்னு பெரிய சத்தத்தோட ஓடுச்சு.

பட்டறைக்காரர்:
கோளாறு அங்கேதான். உங்க ஃபேனுக்கு லோ, ஹை என ரெண்டு ஸ்பீடு. பல வண்டிகளில் லோ ஸ்பீடு ஒரு ரெசிஸ்டர் (கரண்டைக் குறைச்சு விடுற பாகம்) வழியா வரும். அது எரிஞ்சு போனா லோ செத்துடும், ஹை மட்டும் மிச்சம். ஃபேன் ஓடுதேன்னு எல்லாரும் விட்டுடுவாங்க. ஆனா ஹை வர்றதுக்குள்ள கண்டென்சரில் பிரஷர் ஏறி கம்ப்ரஸர் கட் ஆகுது. ஏசி வெதுவெதுப்பானது அதனாலதான்.

ரெசிஸ்டர் பெரும்பாலும் ஃபேன் கூட்டிலேயே ரெண்டு ஸ்க்ரூவில் இருக்கும். கப்ளரை (ஒயரை மாட்டுற கனெக்டர்) கழற்றி மல்டிமீட்டர் வைங்க. நல்லதா இருந்தா பொதுவா ஒரு ஓமுக்கும் கீழே காட்டும், எரிஞ்சிருந்தா சர்க்யூட்டே காட்டாது. கப்ளர் பின் கருகியிருந்தா அதையும் சேர்த்து மாத்துங்க, இல்லைன்னா புதுசும் நிலைக்காது. ரெசிஸ்டர் சரியா இருந்தா லோ ரிலேயையும் ஃப்யூஸையும் பாருங்க. கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிடுங்க. சில வண்டிகளில் சாவி ஆஃப்பில் இருந்தாலும் ஃபேன் கிளம்பும்.

மஞ்சள்_கூலன்ட்:
தண்ணி குறையுறதுக்கு என் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை, பிரஷர் வால்வு. 0.9 பார் மூடி பிடிச்சா வெறும் தண்ணியே கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தா 100-ஐத் தாண்டினதுமே கொதிச்சு ரிசர்வ் டேங்க் வழியா ஆவியா போயிடும். தரையில் சொட்டு தெரியாது. மூடியின் நடுவில் சின்னதா ஒரு வேக்குவம் வால்வு இருக்கு. அது சிக்கிக்கிட்டா ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணி திரும்பாது, மேல் ஹோஸ் சப்பிப்போய் நிற்கும். ரப்பர் வெடிச்சிருந்தா மாத்துங்க, மேலே போட்டிருக்கும் அதே பிரஷர் எண்ணில் வாங்குங்க. மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடியுற அளவுக்கு ஆறின பிறகே திறக்கணும். இதில் அவசரப்பட்டு முகம் வெந்தவங்க உண்டு.

பட்டறைக்காரர்:
மூடி விஷயம் சரி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினது தப்பு. அது இல்லைன்னா இன்ஜின் சூடேற நேரமாகும், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், மைலேஜ் அடிவாங்கும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்கே திரும்புற வழி) திறந்தே இருக்கும், ரேடியேட்டருக்குப் போற தண்ணியே குறையும். புதுசு போடும் முன் பாத்திரத்தில் கொதிக்க வைச்சுப் பாருங்க. 82ன்னு அச்சடிச்சிருந்தா அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பிக்கணும். ஆடுற சின்ன பின் இருந்தா அது மேலே வர்ற மாதிரி மாட்டணும், காற்று வெளியேறும் வழி அது.

குழாய்த் தண்ணியை இன்னைக்கே இறக்கிடுங்க, உப்பு படிஞ்சு ரேடியேட்டர் அடைச்சுக்கும். ரேடியேட்டரைத் திறந்தா மொத்தத் தண்ணியும் வராது, பிளாக்கில் நிற்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஓட்டி, மூணு தடவை இறக்குங்க. கொள்ளளவு 4.5 லிட்டர்னா முதலில் 2.25 லிட்டர் கூலன்ட் கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காதது), பிறகு நிரம்புற வரை டிஸ்டில்ட் வாட்டர். ஏற்கெனவே தண்ணி கலந்து வர்ற ப்ரீமிக்ஸ் கூலன்ட் ஊற்றினா உள்ளே நிற்கும் தண்ணியோட சேர்ந்து நீர்த்துப்போகும். ஹீட்டரை முழுசா வைச்சு ஃபேன் ரெண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்க. ஆறினதும் மட்டம் பாருங்க.

தாம்பரம்_வண்டி:
அப்போ ஹெட் கேஸ்கெட் சந்தேகம் விடலாமா?

பட்டறைக்காரர்:
ஃபேனும் மூடியும் மாத்தின பிறகும் தண்ணி குறைஞ்சா பாருங்க. குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. குமிழி விடாம வந்துக்கிட்டே இருந்தா, இல்லை மூடி போட்டு ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆனா, கம்பஷன் கேஸ் (பெட்ரோல் எரிஞ்ச வாயு) தண்ணிக்குள்ளே வருது. அப்போ நீல நிற டெஸ்ட் திரவம் வைச்சுப் பார்க்கச் சொல்லுங்க, மஞ்சளா மாறினா மட்டும் ஹெட்டைக் கழற்ற விடுங்க.