கனடாவிலிருந்து ஹேண்ட்மேட் டியூப் அம்ப், கொழும்பில் சரிவருமா?

காலிவீதி_ரிஃப்
டொரண்டோவில் இருக்கிற மச்சான் தன்னுடைய கிட்டார் அம்பை (வால்வ் டியூபில் ஓடும் அம்ப்ளிஃபையர்) அரைவிலைக்குத் தருகிறேன் என்கிறார். ஃபெண்டர் கம்பனியின் பழைய ட்வீட் டீலக்ஸ் அம்பின் 5இ3 என்ற சர்க்கிட்டை வைத்து அங்கே தனி ஆள் ஒருவர் கையாலேயே வயர் பண்ணியது, 12 வாட் அளவு. பின்பக்கத்தில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும்தான் இருக்கிறது. புறக்கோட்டையில் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் வாங்கிப் போட்டால் காணும்தானே? நான் இருப்பது வெள்ளவத்தையில் ஃபிளட், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

வால்வ்_ரேடியோ_அண்ணை
காணாது தம்பி. ஸ்டெப்-டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், நம்முடைய 50 ஹேர்ட்ஸ் அப்படியே உள்ளே போகும், அம்பின் உள்ளே இருப்பது 60க்கு மட்டும் கணக்குப் பார்த்துச் சுற்றிய டிரான்ஸ்போமராக இருந்தால் அதன் இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பிச் சூடேறும், ஒரு பாட்டு வாசிக்கும்வரை ஒன்றும் தெரியாது, இரண்டு மணித்தியாலம் ஓடினால் பிறகு மணக்கத் தொடங்கும். இப்படித் தனியாகச் செய்கிறவர்களும் டிரான்ஸ்போமரை அநேகமாக வெளியே வாங்கித்தான் போடுவார்கள். அதன் நம்பரை மச்சானிடம் கேளும். 50/60 என்றால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் 230 வோல்ட் பிரைமரி (கரண்ட் உள்ளே வரும் பக்கச் சுற்று) உள்ளதாக மாற்ற வேண்டும். டிரான்ஸ்போமர் செய்யும் ஹமண்ட் கனடாக் கம்பனிதான், அவர்களிடம் இருக்கிறது, அங்கேயே வாங்கி அம்போடு அனுப்பச் சொல்லும். நீர் மட்டும் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

உப்புக்காற்று
அண்ணை சொன்னதோடு உள்பக்கப் படமும் கேளுங்கள். பழைய ஃபெண்டர் மாதிரியே வேண்டும் என்று சிலர் மெழுகு பிடித்த கறுப்பு ஃபைபர் போர்டிலேயே பார்ட்ஸைப் பொருத்திச் செய்கிறார்கள். அது ஈரத்தை இழுத்தால் போர்டே கொஞ்சம் கரண்ட் கடத்தும், சும்மா இருக்கும்போதே கரகரக்கும். கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது சரிவராது, கிளாஸ்-எபொக்சி டரெட் போர்ட் (சின்ன உலோகத் தூண்களில் வயரைப் பற்றவைக்கும் போர்ட்) என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

பைலா_பேஸ்
திருத்துவதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 2022இல் இறந்த அமெரிக்க அம்ப் தயாரிப்பாளர் டம்பிள் தன் அம்ப் சர்க்கிட்டையே எபொக்சி ஊற்றி மூடி வைத்தவர், அந்த மாதிரி மர்மம் எதுவும் 5இ3இல் கிடையாது. ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு 6வி6 டியூப், ஏசியை டிசியாக்க ஒரு 5வை3, முன்னால் இரண்டு சின்ன டியூப், சர்க்கிட் படம் நெட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஃபிளட்டுக்கு 12 வாட் அநியாயம்! கடைசிச் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வொலியூம் இல்லை, வொலியூமைக் கூட்டி வைத்தால்தான் சத்தம் உடைந்து அந்த டிஸ்டோர்ஷன் வரும். இதில் பாதி, 6 வாட் அம்ப் வாங்கினாலும் 3 டெசிபெல்தான் குறையும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அது விளங்கவே விளங்காது.

காலிவீதி_ரிஃப்
நன்றி அண்ணைமார். அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டால்?

பைலா_பேஸ்
போடலாம், 8 ஓமுக்குப் பொருத்தமானதாகப் பாருங்கள். ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் மட்டும் ஓன் பண்ணாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்போமர் போய்விடும்.