இம்யூனோதெரபி ஆரம்பிச்சப்புறம் மூட்டுவலி வந்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க

ஏழாவது டோஸ்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் தான் இருந்தேன், இன்னைக்கு எழுதுறதுக்கு காரணம் நான் பண்ண தப்ப இன்னொருத்தர் பண்ணிடக்கூடாதுங்கறது தான்.

எனக்கு நுரையீரல் கேன்சர். நம்ம நோய் எதிர்ப்பு சக்தியையே கேன்சர தாக்க வைக்கற இம்யூனோதெரபி மருந்து, பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம், 3 வாரத்துக்கு ஒரு தடவ ஏத்துறாங்க. மொத 4 டோஸ் வரைக்கும் கொஞ்சம் அசதி, முதுகுல லேசா அரிப்பு, வேற ஒண்ணும் இல்ல. 5வது போட்டு ஒரு பத்து நாள் இருக்கும், காலைல எந்திரிக்கறேன், ரெண்டு கை விரலும் மடங்கவே மாட்டேங்குது. ராத்திரி கைய கீழ வச்சு படுத்துட்டேன் போலன்னு விட்டுட்டேன். மறுநாளும் அதே. அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் ரெண்டு முட்டி. மத்தியானம் ஆனா கொஞ்சம் இளகிடும், அதனால அடுத்த நாள் காலை வரைக்கும் மறந்துடுவேன்.

வலி மாத்திரை போடலாம்னு ஒரு நாள் பட்டைய எடுத்தா, பின்னாடி அமுக்கி அந்த மாத்திரைய வெளிய தள்ள பெருவிரல்ல பலம் இல்ல. மேசை ஓரத்துல வச்சு உள்ளங்கையால அழுத்திப் பாத்தேன், மாத்திரை நொறுங்கி தூளா கீழ விழுந்துச்சு. கடைசில என் பையன் வந்து எடுத்து குடுத்தான். அன்னைக்கு தான் இது சாதாரண வலி இல்லன்னு உள்ளுக்குள்ள பட்டுச்சு.

ஆனாலும் டாக்டர்கிட்ட சொல்லல. ஏன்னா பயம். சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க, நல்லா சுருங்கிட்டு வர்ற கட்டி திரும்ப வளந்துடும், வலிதானே பல்ல கடிச்சிட்டு இருந்துடலாம்னு ஒரு மாசத்துக்கு மேல மறைச்சேன். 7வது டோஸ் போட போனப்ப ஊசி குத்த வந்த நர்ஸ் தான் என் கைய பாத்துட்டு "காலைல விறைப்பு எவ்ளோ நேரம் இருக்குங்க?" அப்படின்னு கேட்டாங்க. ரெண்டு மணி நேரம்னு சொன்னேன். அவங்க அப்படியே போய் டாக்டர கூட்டிட்டு வந்துட்டாங்க. அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு நின்னா அது தேய்மான வலி மாதிரி இல்ல, உள்ள அழற்சி இருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.

ரத்தத்துல சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற அளவு) எக்கச்சக்கமா இருந்துச்சு. முடக்குவாதத்துக்கு பாக்குற ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி ரெண்டு டெஸ்ட்டுமே நெகட்டிவ், இந்த மருந்தால வர்ற மூட்டு அழற்சில பெரும்பாலும் அப்படித்தான் வருமாம். நோய எதிர்த்து சண்ட போடுற நம்ம டி செல்லுக்கு இயற்கையாவே ஒரு பிரேக் இருக்கு, சொந்த உடம்ப தாக்காம இருக்கறதுக்கு. கேன்சர் அந்த பிரேக்க மிதிச்சிட்டு ஒளிஞ்சுக்குது, நம்ம மருந்து அந்த பிரேக்க எடுத்து விடுது. (அந்த பிரேக் விஷயத்துக்கு தான் 2018ல அலிசன், ஹோஞ்சோன்னு ரெண்டு விஞ்ஞானிகளுக்கும் நோபல் குடுத்தாங்க.) பிரேக் இல்லாத செல்லு சில பேருக்கு மூட்டுக்குள்ளயும் போய் சண்ட போடுது, அவ்ளோதான் விஷயம்.

ஒரு டோஸ் தள்ளி வச்சாங்க. பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை 15 மில்லிகிராம் குடுத்தாங்க. மூணாவது நாள் காலைல சட்டை பட்டன நானே போட்டேன். இப்ப 5 மில்லிகிராமுக்கு கொறச்சாச்சு, பெம்ப்ரோவும் திரும்ப ஆரம்பிச்சாச்சு. எந்த மருந்து போயிடும்னு பயந்து மறைச்சேனோ அது எங்கயும் போகல. மொத வாரமே சொல்லியிருந்தா ஒரு மாசத்துக்கு மேல அப்படி கஷ்டப்பட்டிருக்க வேணாம்.

அம்மாவுக்காக:

அண்ணா, நீங்க எழுதினத அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், அப்படியே அழுதுட்டாங்க, அவங்களும் இதே பயத்துல தான் சொல்லாம இருந்தாங்க.

அம்மாவுக்கு கிட்னி கேன்சர், இபிலிமுமாப், நிவோலுமாப்னு ரெண்டு இம்யூனோதெரபி மருந்தும் சேத்து ஏத்துறாங்க. இவங்களுக்கு விரல்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு தோளும் ரெண்டு இடுப்பும். தலை சீவ கைய தூக்க முடியாது, படுக்கைல திரும்பணும்னா என்ன எழுப்புவாங்க. நாங்க எல்லாரும் வயசாச்சுல்ல, படுத்தே இருக்கறதால வர்றதுன்னு சொல்லிட்டோம், அத நெனச்சா இப்பவும் மனசு கேக்க மாட்டேங்குது. மூட்டு டாக்டர் பாத்துட்டு பாலிமயால்ஜியா (தோள், இடுப்பு பக்கம் அழற்சியால வர்ற வலி, விறைப்பு) மாதிரின்னார். உடனே அவர் கேட்டது, தலைவலி இருக்கா, மெல்லும்போது தாடை வலிக்குதா, கண்ணு மங்குதா? இதெல்லாம் இருந்தா தலையில ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம், ஒரு நாள் கூட தள்ளக்கூடாது, பார்வை போயிடும்னு சொன்னார். நல்லவேளை அம்மாவுக்கு அது இல்ல.

இன்னொண்ணும் சொன்னார், வலி வேற, பலம் போறது வேற. உக்காந்த எடத்துலேர்ந்து எந்திரிக்க பலமே இல்ல, கண் இமை தொங்குது, மூச்சு வாங்குது, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னா நேரா எமர்ஜென்சிக்கு வந்துடணும், தசையும் இதயமும் பாதிச்சிருக்கலாம்னு. தசை பாதிச்சிருக்கான்னு காட்டுற சிகே ரத்த டெஸ்ட் அதுக்கு தான் எடுத்தாங்க.

ஸ்டீராய்டுல வலி நல்லா அடங்கிடுச்சு, ஆனா அம்மாவுக்கு சுகர் உண்டு, அது ஏறிடுச்சு, அதனால தினம் செக் பண்றோம். யாரும் நல்லாயிடுச்சுன்னு ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திடாதீங்க ப்ளீஸ், படிப்படியா தான் கொறைக்கணும்.

மழைச்சாரல்:

எனக்கும் உடம்பு பூரா வலி, ஆனா காரணம் வேற. எலும்புக்கு பரவிடுச்சுன்னே முடிவு பண்ணி ஸ்கேன் ரிசல்ட் வர்ற வரைக்கும் 4 நாள் தூங்கல. ஸ்கேன் க்ளியர். கடைசில பாத்தா டிஎஸ்ஹெச் (தைராய்டு சரியா வேல செய்யுதான்னு காட்டுற ரத்த அளவு) தாறுமாறா ஏறி இருந்துச்சு, இம்யூனோதெரபி தைராய்ட பாதிச்சிருக்கு. தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சு சில வாரத்துல வலி கொறஞ்சுது. அதனால எல்லா வலியும் ஆர்த்ரைடிஸ்னும் நெனைக்காதீங்க, பரவிடுச்சுன்னும் நெனைக்காதீங்க, டெஸ்ட் எடுத்து பாருங்க.

பழைய பயணி:

நான் நிவோலுமாப் முடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, எனக்கு மெலனோமா, ஒரு வகை தோல் கேன்சர். மருந்த நிறுத்தினா வலியும் போயிடும்னு எதிர்பாத்தேன், போகல. சில பேருக்கு இது மாசக்கணக்குல வருஷக்கணக்குல கூட நிக்குமாம். ஸ்டீராய்ட கொறைக்கும்போதெல்லாம் முட்டி திரும்ப வீங்கும். மூட்டு அழற்சிய அடக்க மொதல்ல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை குடுத்தாங்க, எனக்கு பத்தல, இப்ப மெத்தோட்ரெக்சேட், கூட ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் தான், தெரியாம தினம் போட்டா உயிருக்கே ஆபத்து, எங்க வீட்ல காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கோம். ஒரு முட்டில நீர் எடுத்துட்டு அங்கயே ஸ்டீராய்டு ஊசியும் போட்டாங்க, அதுக்கப்புறம் படி ஏற முடிஞ்சுது.

இன்னொரு விஷயம், பக்கவிளைவு வந்தா மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்னு நெறைய பேர் சொல்றாங்க. அப்படி ஒரு தொடர்பு சில ஆய்வுகள்ல தெரிஞ்சது உண்மைதான், ஆனா அத வச்சு யாரும் தன்ன அளந்து பாக்காதீங்க. என் கூடவே ட்ரீட்மெண்ட் எடுத்தவருக்கு ஒரு பக்கவிளைவும் வரல, அதனாலயே தனக்கு மருந்து கேக்கலன்னு ராத்திரியெல்லாம் கவலப்பட்டார். அவர் ஸ்கேனும் நல்லாத்தான் வந்துச்சு.

அம்மாவுக்காக:

ரொம்ப நன்றிங்க. அண்ணா ஒரு சந்தேகம், நாளைக்கு சாயங்காலம் தான் அப்பாயின்ட்மெண்ட், இப்ப அம்மாவுக்கு மணிக்கட்டும் வீங்க ஆரம்பிச்சிருக்கு, ஆனா சாயங்காலம் போனா வீக்கமே தெரியாது, டாக்டர் நம்புவாரா?

ஏழாவது டோஸ்:

நம்புவார்மா. காலைல அம்மா எந்திரிச்ச உடனே ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ எடுத்துக்கோ, விரல முழுசா மடக்க சொல்லி ஒண்ணு, நீட்ட சொல்லி ஒண்ணு. எத்தன மணிக்கு எந்திரிச்சாங்க, எத்தன மணிக்கு கை மடங்குச்சுன்னு பக்கத்துலயே எழுதிக்கோ. நான் ஒரு வாரம் அப்படி எழுதிட்டு போனேன், அத பாத்துட்டு தான் டாக்டர் டோஸ் முடிவு பண்ணார். இப்ப என்ன டோஸ்ல இருக்காங்கன்னு கேன்சர் டாக்டர் எழுதின சீட்டையும் மறக்காம எடுத்துட்டு போ, ரெண்டு டாக்டரும் பேசிக்கிட்டா நல்லது.