சின்ஸ், ஃபோர் வந்தாலே மகள் 'பீன்' போடுகிறாள்: எப்படி விளக்குவது?

வணக்கம். மகள் யாழ்ப்பாணத்தில் தரம் 11, ஓ.எல். பரீட்சை எடுக்கப்போகிறாள். ஆங்கில இலக்கணத்தில் பிரசென்ற் பெர்ஃபெக்ற் கொன்ரினியூயஸில் (முன்பு தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் வினை வடிவம்) மாட்டி நிற்கிறோம்.

முதலில் "ஐ ஆம் லேர்னிங் வயலின் சின்ஸ் 2019" என்றுதான் எழுதுவாள். தொடங்கிய நேரத்துக்கு சின்ஸ், கால அளவுக்கு ஃபோர், அதோடு ஹேவ் பீன், வினையின் கடைசியில் இங் (-ing) என்று விளக்கினேன். பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் கூடவே! போன கிழமை "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹேர் சின்ஸ் கிரேட் 6" என்று எழுதி, ரியூசனில் சிவப்புக் கோடு வாங்கி வந்தாள்.

நோ (know), லைக், பிலீவ் போன்றவற்றுக்கு இங் வராது, "ஹேவ் நோன்" தான் சரி என்று பட்டியல் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியாயிற்று. காலக்கோடும் கீறிக் காட்டினேன். அப்புறம் பார்த்தால் லிவ், வேர்க் இரண்டும் எப்படி எழுதினாலும் சரி: "ஹேவ் லிவ்ட்", "ஹேவ் பீன் லிவிங்". இதோடு அவளுக்குப் பட்டியலிலும் நம்பிக்கை போய்விட்டது. ரியூசன் சேர் "பழகப் பழக வரும்" என்கிறார். சரி, பரீட்சைக்கு முன் வரவேண்டுமே!

ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களிடம் கேட்கிறேன்: பட்டியலைப் பாடமாக்காமல், ஒரு வினைக்கு இங் போடலாமா கூடாதா என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க என்ன வழி சொல்லிக்கொடுப்பீர்கள்?