பிரிவி கவுன்சிலுக்கு ‘உடன்கூட்டம்’: கல்வெட்டுச் சொல்லை எடுத்தாள ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் அரசரின் ‘பிரிவி கவுன்சில்’ (Privy Council) என்ற அவைக்கு நம் பதிவில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். மந்திராலோசனை சபை, அந்தரங்க சபை, அரசர் ஆலோசனைக் குழு, கோமறைக் கழகம் என்று நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. நான்கும் ஆங்கிலப் பெயரின் பொருளைத் தொட முயல்கின்றன. அந்த அவையில் யார் இருக்கிறார்கள், அது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் வேறொரு சொல் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரிட்டனில் இன்று அந்த அவையின் உறுப்பினர்கள் 700 பேருக்கும் மேல். பிரதமரின் பரிந்துரைப்படி அரசர் நியமிக்கிறார். நியமனம் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. அமைச்சரவையில் உள்ளவர்கள், முன்னாள் அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவர், மூத்த நீதிபதிகள், காண்டர்பரி, யார்க் பேராயர்கள், லண்டன் ஆயர் எனப் பலரும் அதில் இருக்கிறார்கள். ஆட்சி மாறினாலும் உறுப்பினர் பதவி போகாது. ஆகவே இன்று ஆள்பவரும் நேற்று ஆண்டவரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள்.

இவ்வளவு பேரும் கூடி அரசருக்கு ஆலோசனை சொல்கிறார்களா? இல்லை. வழக்கமான கூட்டத்துக்கு வருபவர்கள் பதவியில் இருக்கும் அமைச்சர்களில் மூன்று நான்கு பேர்தான். மூன்று பேர் வந்தாலே போதும். அவைத் தலைவர் ஆணைகளின் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். அரசர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அத்துடன் அது சட்ட வலிமை உள்ள ஆணையாகிவிடுகிறது. விவாதம் கிடையாது. எல்லோரும் நின்றுகொண்டே கூட்டத்தை முடிப்பது விக்டோரியா அரசி காலத்திலிருந்து வரும் மரபு. பெரிய அளவில் உறுப்பினர்களை அழைப்பது புதிய அரசர் பட்டமேற்பதை அறிவிக்கும் நேரம் போன்ற அரிய தருணங்களில் மட்டுமே. 2022 செப்டம்பர் 10 அன்று மூன்றாம் சார்லஸுக்காக செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் கூடியபோதுகூட, உறுப்பினர்களில் 200 பேருக்குத்தான் அழைப்பு போனது.

எனவே ‘ஆலோசனை’ என்ற சொல்லை நடுவில் வைத்தால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார். ஆலோசனை அமைச்சரவையிலேயே முடிந்துவிடுகிறது. இங்கே நடப்பது, அரசரின் உடனிருந்து அவர் ஆணைக்குச் சட்ட வடிவம் தருவது.

‘அந்தரங்கம்’, ‘மறை’ ஆகியவற்றுக்கும் இதே குறை உண்டு. உறுப்பினராகச் சேர்பவர் இரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுக்கிறார் என்பது உண்மை. அந்த அளவில் ‘மறை’க்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பிரிவி என்ற சொல் பிறந்த காலத்தில் அதன் கருத்து, அரசனுக்கு நெருங்கிய, அவனுக்கே உரிய என்பதுதான். நம் முன்னோடிகள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். சமஸ்தான மன்னர்களுக்கு வழங்கப்பட்டு 1971இல் ஒழிக்கப்பட்ட ‘பிரிவி பர்ஸ்’ தமிழில் என்னவாயிற்று? ‘மன்னர் மானியம்’ ஆயிற்று. அந்தரங்கப் பணப்பை என்றோ மறைநிதி என்றோ எவரும் எழுதவில்லை. அது யாருக்கு, எதற்கு என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் உடனே விளங்கியது. நாமும் அந்த வழியில் போக வேண்டும்.

இப்போது என் சொல். காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விழாவைச் சொல்லும் சிலப்பதிகாரம் ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் குறிப்பிடுவதால், ‘ஐம்பெருங்குழு’ என்றே வைக்கலாம் என்று மயிலாடுதுறை அன்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் அது அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என்று ஐந்து வகையினரை எண்ணிச் சொல்வது. ஒற்றரும் தூதரும் இல்லாத, எண்ணிக்கையில் அடங்காத ஓர் அவைக்கு அது பொருந்தாது.

சோழர் கல்வெட்டுகளில் ‘உடன்கூட்டத்து அதிகாரிகள்’ என்ற வழக்கு இருக்கிறது. அரசனோடு உடனிருந்து அவன் ஆணைகளை ஏற்று நடத்திய அதிகாரிகளை அது குறிப்பதாக வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். அன்று ஆணை பிறந்த முறையையும் பாருங்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் கிராமத்தை முதலாம் இராஜராஜன் அளித்த செய்தி லெய்டன் செப்பேட்டில் விரிவாக இருக்கிறது. தஞ்சை மாளிகையின் மண்டபம் ஒன்றில் இருந்தபடி அரசன் வாய்மொழியாகச் சொல்கிறான், திருமந்திர ஓலை எனப்படும் அரச எழுத்தர் அதை எழுதுகிறான், ஓலைநாயகம் எனப்படும் மேலதிகாரி ஒப்பமிடுகிறான், பிறகு அது வரிக்கணக்கில் ஏறுகிறது. அரசனின் வாய்ச்சொல் அதிகாரிகள் முன்னிலையில் ஆவணமாக மாறும் இந்த நடைமுறைதான், லண்டனில் அரசர் ‘ஏற்றேன்’ என்று சொல்ல, அவையின் செயலர் கையொப்பமிட்டு ஆணை வெளிவரும் நடைமுறையிலும் தெரிகிறது. இரண்டு அமைப்புகளும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘உடன்’ என்ற ஒரே சொல் பிரிவியின் நெருக்கத்தையும் உடனிருத்தலையும் சேர்த்துத் தருகிறது. தஞ்சை மண்ணின் ஆட்சிமொழியில் வாழ்ந்த சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டவைப்பானேன்?

ஆகவே அவை ‘அரச உடன்கூட்டம்’, உறுப்பினர் ‘உடன்கூட்டத்தார்’, அது பிறப்பிப்பது ‘உடன்கூட்ட ஆணை’.

பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவை, அதாவது மேல்முறையீடுகளைக் கேட்கும் அதன் பிரிவை, தனியாகப் பேச வேண்டும். டெல்டாவில் பிரிவி கவுன்சில் என்றால் மக்களுக்கு நினைவு வருவது அதுதான். நிலத் தகராறு, தத்துரிமை, கோயில் சொத்து என்று ‘பிரிவி கவுன்சில் வரை போன’ வழக்குகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்தக் குழு, வடிவில் நீதிமன்றமே அல்ல. அது தீர்ப்பு சொல்வதில்லை. இன்னவாறு முடிவு செய்யலாம் என்று அரசருக்குப் பணிவுடன் பரிந்துரைக்கிறது. அரசரின் ஆணையாக அது நிறைவேறுகிறது. அரசருக்கு இருவேறு பரிந்துரை தரக்கூடாது என்பதால் 1966 வரை மாறுபட்ட கருத்தை வெளியிடும் உரிமைகூட அதன் நீதிபதிகளுக்கு இருக்கவில்லை.

அந்தக் குழுவால் தஞ்சை பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் வேகிறது. 1855இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசு இன்றி இறந்தார். கம்பெனி அரசு, ஆட்சியுரிமை முடிந்தது என்று அறிவித்ததோடு நில்லாமல் அவருடைய சொந்த உடைமைகளையும் படைபலத்துடன் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாய் சாகிபா சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து வென்றார். கம்பெனித் தரப்பு லண்டனுக்கு மேல்முறையீடு செய்தது. 1859இல் நீதிக்குழு, இது அரசின் இறைமைச் செயல், நியாயமா அநியாயமா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று கூறி அவர் பெற்ற தீர்ப்பை நீக்கியது. 1862இல் அரசே மனமிரங்கித் தனிச்சொத்தைத் திருப்பித் தந்தது. அது சலுகையாக வந்ததே அன்றி உரிமையாக வரவில்லை. அரசரின் பெயரால் கூடும் குழு, அரசின் செயலை விசாரிக்க மறுத்த வழக்கு இது. ‘உடன்கூட்ட நீதிக்குழு’ என்று சொன்னால் அது யாருடன் நின்ற குழு என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். ‘கழகம்’, ‘மன்றம்’ என்றால் இந்த உறவு மறைந்துபோகும்.

இந்தியாவிலிருந்து மேல்முறையீடுகள் 1949 அக்டோபர் 10 முதல் நின்றன. இலங்கையில் 1971இல் முடிவுக்கு வந்தன. மொரீஷியஸிலிருந்து இன்றும் போகின்றன. அங்குள்ள தமிழ் வாசகருக்கு இது நடப்புச் செய்தி.

யாழ்ப்பாணத்து அம்மையார், இலங்கைத் தமிழில் ‘கோமறைக் கழகம்’ வேரூன்றிவிட்டதே என்று கேட்டிருந்தார். மதிக்க வேண்டிய வாதம். அந்த நாட்டு வழக்குகளைப் பற்றிய பதிவுகளில் அதுவே இருக்கட்டும்; நம் பதிவில் இணைச்சொல்லாக முதல் வரியிலேயே கொடுத்துவிடலாம்.

‘கூட்டம்’ என்றால் இன்று பொதுக்கூட்டம் நினைவுக்கு வராதா, ‘உடன்கூட்டக் கூட்டம்’ என்று எழுத நேராதா என்பது அடுத்த ஐயம். நேரும். அந்த இடத்தில் ‘கூடுகை’ என்று எழுதலாம். ‘அமர்வு’ மட்டும் வேண்டாம், அமராமல் நின்றே நடத்தும் அவை அது. தாய்லாந்து மன்னரின் பிரிவி கவுன்சிலுக்கும் இச்சொல் பொருந்தும். அங்கே தலைவரையும் அதிகபட்சம் 18 உறுப்பினர்களையும் மன்னர் தாமே தேர்ந்தெடுக்கிறார். கட்சி உறுப்பினர்களுக்கு இடமில்லை. சேர்க்கை முறை நேர்மாறாக இருந்தாலும் மன்னரின் உடனிருப்போர் என்பது மாறவில்லை.

கடைசியாக, உறுப்பினரின் பட்டம் பற்றி ஒரு சொல்; எடுத்துக்காட்டு, விடுதலைக்கு முந்தைய அரசியல் தலைவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1921இல் பிரிவி கவுன்சில் உறுப்பினரான அவரைத் தமிழுலகம் ‘மகாகனம்’ என்று அழைத்தது. உறுப்பினருக்குரிய பட்டத்தின் அன்றைய தமிழ் வடிவம் அது. 1940இல் சென்னை அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்கும் அவரே தலைவர். வடசொற்களை நீக்கத் தேவையில்லை என்று அந்தக் குழு சொன்னபோது எழுந்த எதிர்ப்பில் அரசு குழுவையே மாற்றி அமைத்தது. அந்த எதிர்ப்பின் பயனை அனுபவிப்பவர்கள் நாம். ஆயினும் அவரைப் பற்றிய பதிவில் ‘மகாகனம்’ என்பதை மாற்றக்கூடாது என்று கருதுகிறேன். அவர் காலத்து மக்கள் வாயில் புழங்கிய பட்டம் அது. இன்றைய உறுப்பினர்களைக் குறிக்க, நாம் நீதிபதிகளுக்கு எழுதும் ‘மாண்பமை’ என்ற அடைமொழியே போதும்.

கல்வெட்டுப் பயிற்சி உள்ள அன்பர்கள், ‘உடன்கூட்டம்’ பயிலும் கல்வெட்டுகளை ஊர்ப்பெயரோடும் ஆட்சியாண்டோடும் இந்த இழையில் இட வேண்டுகிறேன். பதிவின் சொல் விளக்கப் பகுதியில் அவற்றைச் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து