பினாங்குக் கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்க ஊர்மக்கள் முன்வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – தெலுக் பகாங் குடியிருப்பாளர்

வணக்கம். தெலுக் பகாங் வட்டாரத்துக் குடியிருப்பாளர் சங்கம் ஒன்றில் இருக்கிறேன். தீவிலுள்ள பழைய கலங்கரை விளக்கங்களின் பராமரிப்பில் பொதுமக்களும் கைகொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களிடையே வலுத்து வருகிறது. 1882-இல் கோர்ன்வாலிஸ் கோட்டையில் எழுப்பப்பட்ட இரும்புக் கோபுரம், 1883-இல் முக்கா ஹெட் குன்றின்மேல் கட்டப்பட்ட கருங்கல் கோபுரம் ஆகிய இரண்டையும் பற்றித்தான் பேச்சு. இவை பழுதாகிவிட்டன என்று நான் சொல்லவில்லை; பழுதாகும் நாளுக்கு முன்பே ஆயத்தமாக இருக்க விரும்புகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் கூட்டுப்பணி) வைத்து, சிமெண்டும் சாயமும் கொண்டுபோய் வேலையை முடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பாலர்பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசிய அனுபவம் அவர்களுக்கு உண்டு என்பதால் எளிதில் மறுக்கவும் முடியவில்லை. யாரிடம் அனுமதி கேட்பது, பயிற்சி இல்லாதவர்கள் எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – கல்லும் சாந்தும்

ஐயா, சிமெண்டு மூட்டையைக் குன்றின்மேல் ஏற்றும் பேச்சை முதலில் நிறுத்துங்கள். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கருங்கல் நீரை அதிகம் உறிஞ்சாது. ஆகவே கல் கட்டடத்துக்குள் புகுந்த ஈரம் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுண்ணாம்புச் சாந்து மிருதுவானது, நுண்துளைகள் உள்ளது; ஈரத்தை வெளியே விட்டுவிட்டு, காலப்போக்கில் தானே தேய்ந்து கல்லைக் காப்பாற்றும். தேய்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக இடலாம், கல்லை அப்படி மாற்ற முடியாது. அந்த இடுக்கைச் சிமெண்டால் இறுக அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கடற்காற்றோடு வந்த உப்பு பின்னால் படிகமாகித் திரளும்போது கல்லின் விளிம்பையே பெயர்த்துவிடும். நம் கடைவீடுகளில் சிமெண்டு பூசிய பகுதிக்குச் சற்று மேலே வெண்மையாக உப்புப் பூத்து, தொட்டாலே சாயம் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

உதிர்ந்து கிடக்கும் துணுக்கை விரலால் நசுக்கிப் பாருங்கள். பழைய சுண்ணாம்பாக இருந்தால் பெரும்பாலும் மாவாகிவிடும், சிமெண்டு கல்லாகவே நிற்கும். கடுக்காய், கருப்பட்டி ஊறல் சேர்ப்பது நம் கொத்தனார்களின் கைமுறை என்பது உண்மையே. ஆனால் ஏற்கெனவே உள்ள சாந்தைச் சோதனைச் சாலையில் ஆராயாமல், பெருமைக்காக அவற்றைக் கலப்பது எனக்கு உடன்பாடில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெதுவாகவே இறுகும். அதுவரை ஈரச் சாக்கு போர்த்தி, நேர்வெயிலும் மழையும் படாமல் காக்க வேண்டும். பினாங்கில் மழை குறைந்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே இதற்குத் தோதானவை. உங்கள் உறுப்பினர்கள் பழகுவதற்கு, முதலில் யாருடைய கொல்லைச் சுவரையாவது கேட்டு வாங்குங்கள்.

பதில் – கோப்புக்காரர்

அனுமதி விஷயத்தில் இரண்டு கோபுரங்களும் ஒன்றல்ல. முக்கா ஹெட் விளக்கு கடல்துறையின் பொறுப்பில் உள்ளது. அதைச் சுற்றியுள்ள காடு பினாங்கு தேசியப் பூங்கா என்பதால் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானையும் அணுக வேண்டும். கோர்ன்வாலிஸ் கோட்டையோ 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் மரபிடத்துக்குள் இருக்கிறது. அங்கே 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும், ஓர் ஆணியைக்கூடச் சொந்த விருப்பத்தில் அடிக்க முடியாது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1856-இல் கட்டப்பட்ட கே ஹெட் செங்கல் கோபுரம் அரித்துக்கொண்டிருந்த கடற்பாறையின் விளிம்புக்கு வந்துவிட்டது. அக்குவினா என்ற அந்தச் சிற்றூர் கோபுரத்தின் உரிமையை மத்திய அரசிடமிருந்து முறைப்படி பெற்று, நன்கொடையும் திரட்டி, 2015-இல் அதைச் சுமார் 40 மீட்டர் உள்ளே நகர்த்தியது. உரிமை யாருடையது, நாளை பராமரிப்புச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் தீர்த்துக்கொள்ளாமல் உண்டியல் ஏந்த வேண்டாம். நன்கொடையாளர்கள் வரிவிலக்கைப் பற்றிக் கேட்பார்கள். அதற்கு 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் வேண்டும். எனவே கணக்கு வழக்கைத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக வைத்திருங்கள்.

பதில் – துறைமுகத்துப் பழையவர்

கோட்டையிலுள்ள 21 மீட்டர் உயரக் கோபுரம், கப்பலின் பாய்மரத்தைப் போன்ற தோற்றமுடையது. இத்தகைய இரும்புக் கோபுரங்களில் ஏறிச் செய்யும் வேலை எதிலும் தன்னார்வலர்களை விடாதீர்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். மேலும், படிந்திருக்கும் உப்பை நன்னீரால் கழுவாமல் பூசிய சாயம் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும், அடியில் துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பழைய கண்ணாடி வில்லைகள் மிஞ்சியிருக்கும் விளக்கறைகளில் இன்னும் கவனம் தேவை. அக்காலக் காவலர்கள் சட்டைப் பொத்தான் கண்ணாடியில் கீறிவிடாதபடி மேலே துணியங்கி அணிந்தார்கள். வில்லை வழியே குவியும் வெயில் தீப்பற்ற வைத்துவிடும் என்பதால் பகலில் திரையிட்டு மறைத்தார்கள். பழைய செய்தித்தாளும் மண்ணெண்ணெயும் அங்கே வேண்டவே வேண்டாம்.

உங்கள் ஆட்களுக்கு ஏற்ற வேலை வேறு இருக்கிறது. அனுமதி கிடைத்தபின், மாதந்தோறும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுத்துத் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள். எந்த விரிசல் வளர்கிறது, எங்கே செடி முளைக்கிறது என்பதைப் பொறியாளருக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கோட்டைக் கோபுரத்தை எங்கள் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். முக்கா ஹெட் தொடர்பாகக் கடல்துறைக்கும் பெர்ஹிலித்தானுக்கும் தனித்தனியே கடிதம் எழுதுகிறோம். படமெடுக்க மட்டுமே இப்போது அனுமதி கேட்கப் போகிறோம். சிமெண்டுக் கட்சியினருக்குக் கொல்லைச் சுவர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். யாருடைய வீட்டிலாவது அந்தக் குன்றின் பழைய நிழற்படங்கள் இருந்தால், பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படமெடுத்து இங்கே பதிவிடுங்கள்.